பழைய செடியாவின் சஸ்பென்ஷனை மாற்றிய பிறகு: குமரி மாவட்டச் சாலைகளில் நீண்டகால அனுபவம்

என்னிடம் இருப்பது 2008ஆம் ஆண்டு மிட்சுபிஷி செடியா. நான்கு கதவு செடான்தான்; ஆனாலும் இதை ஸ்போர்ட்ஸ் கார் என்று சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை. 2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 115 குதிரைத்திறன், பின்சக்கரங்களுக்கு மல்டிலிங்க் சஸ்பென்ஷன். 2006இல் இந்தியச் சந்தைக்கு வந்த இந்த மாடலைத் திருவள்ளூர் ஆலையில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தயாரித்தது. தேசிய ராலிப் பந்தயங்களிலும் பேர் வாங்கியது. அந்தப் பேரில் பெரும்பங்கு இன்ஜினுக்கு அல்ல, அடிப்பாகத்துக்கே சேரும் என்பது என் கருத்து. அதனால்தான் அடிப்பாகம் தளர்ந்த செடியாவை ஓட்டுவதில் பொருளே இல்லை.

தளர்ச்சி மெல்ல மெல்ல வருவதால் ஓட்டுபவனுக்குத் தெரிவதில்லை. கை தானாகவே ஸ்டீயரிங்கை இப்படியும் அப்படியும் திருத்தப் பழகிவிடுகிறது. என் வண்டியில் அது வெளிப்பட்ட இடம் ஆரல்வாய்மொழி. ஜூன், ஜூலையில் முப்பந்தல் காற்றாலைகளைக் கடந்து போகிறவர்களுக்கு அங்கே பக்கவாட்டில் அடிக்கும் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. காற்று தள்ளும்போது வண்டி நகர்வது இயல்பு. ஆனால் நகர்ந்த பிறகு பின்பக்கம் தனியாக இன்னொரு முறை அசைந்தது. கணவாயைத் தாண்டும் வரை பின்னிருக்கையில் யாரோ இடம் மாறி உட்கார்ந்துகொண்டே இருப்பதுபோல இருந்தது. பின் டயர்களின் உள் ஓரம் மட்டும் தேய்ந்திருந்ததையும் அப்போதுதான் சேர்த்துப் பார்த்தேன். மல்டிலிங்க் அமைப்பில் சக்கரத்தைப் பல கரங்கள் பிடித்திருக்கின்றன; ஒவ்வொரு கரத்தின் முனையிலும் ரப்பர் புஷ், அதாவது அதிர்வை வாங்கிக்கொள்ளும் ரப்பர் உருளை. அவை தளர்ந்தால் வளைவில் சக்கரம் தன் கோணத்தைத் தானே மாற்றிக்கொள்ளும். நல்ல அமைப்புக்கு நாம் கொடுக்கும் விலை இது. இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே குறுக்குத்தண்டு இணைக்கும் சாதாரண டார்ஷன் பீம் வண்டியில் கெட்டுப்போவதற்கு இத்தனை இடங்கள் கிடையாது.

முன்பக்கம் தன் நோயைச் சத்தமாகவே சொல்லும். மெதுவாகப் போகும்போது சிறு பள்ளங்களில் 'கட கட' என்றால் பெரும்பாலும், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் லிங்க் ராடு (பாரைச் சக்கர அமைப்போடு இணைக்கும் சிறு கம்பி). நின்ற இடத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்பும்போது ஸ்பிரிங் விடுபடுவதுபோல 'டிங்' என்றால், ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டை வண்டியின் உடலோடு பிணைக்கும் மவுண்டின் பேரிங். பிரேக் போடும்போது ஒரே ஒரு 'டொக்' என்றால், சக்கரத்தைக் கீழிருந்து பிடிக்கும் லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ். சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது ஆட்டம் இருந்தால், அந்த ஆர்மைச் சக்கரத்தோடு இணைக்கும் பால் ஜாயிண்டைச் சந்தேகிக்கலாம். இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது இருந்தால், ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கடத்தும் டை ராடு எண்டை. பேரிங் சத்தத்தைத் தவிர மற்ற எல்லாம் என் வண்டியில் இருந்தன.

கோட்டாறு பக்கம் ஒர்க் ஷாப் வைத்திருக்கும் அண்ணாச்சி, கம்பியால் லோயர் ஆர்மை நெம்பிக் காட்டினார். "ரப்பர் செத்துவிட்டது சார். ஷாக் அப்சார்பரை மட்டும் மாற்றினால் நீங்கள் பணத்தைக் கடலில் போட்டதுபோல" என்றார். அவர் சொன்னதில் நியாயம் உண்டு. ஷாக் அப்சார்பர் செய்வது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை எண்ணெய் வழியே வெப்பமாக மாற்றி அடக்குவது. அதைத் தாங்கிப் பிடிக்கும் புஷ் கொழகொழவென்று இருந்தால் புதிய ஷாக்கின் உறுதி பாதி வழியிலேயே தொலைந்துவிடும்.

புஷ்களுக்கு ரப்பரா, பாலியூரித்தேன் என்ற செயற்கைப் பொருளா என்ற கேள்வி வந்தது. வேகப்பிரியர்கள் எல்லோரும் பாலியூரித்தேன் என்பார்கள். நான் லோயர் ஆர்முக்கும் பின் கரங்களுக்கும் ரப்பரையே தேர்ந்தெடுத்தேன். ஸ்டெபிலைசர் பாருக்கு மட்டும் பாலியூரித்தேன். குலசேகரத்திலும் கீரிப்பாறையிலும் ரப்பர் வளரும் மாவட்டத்துக்காரன் என்ற பாசம் காரணம் அல்ல. ஓயாமல் முறுக்குப்பட்டுத் திரும்பும் வேலையில் இயற்கை ரப்பரின் களைப்பு தாங்கும் திறன் பெரியது. என்ஜின் எண்ணெய் பட்டால் ஊதிவிடும், ஓசோனில் வெடிப்பு விடும் என்பவை அதன் குறைகள். பாலியூரித்தேன் கெட்டியானது, எண்ணெய்க்கு அஞ்சாது. ஆனால் பெரும்பாலான வகைகள் சுழன்றுதான் வேலை செய்கின்றன. உள்ளே சிலிக்கோன் கிரீஸ் காய்ந்தால் முனக ஆரம்பிக்கும். வருடத்தில் இரண்டு பருவமழை நனைக்கும் ஊரில், அடிக்கடி கழற்றிக் கிரீஸ் போட வேண்டிய பொருளை எட்டாத இடத்தில் வைப்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

ஷாக் அப்சார்பருக்கு கேஒய்பி நிறுவனத்தின் எக்செல்-ஜி. இரட்டைக் குழாய், குறைந்த அழுத்தத்தில் நைட்ரஜன் வாயு. தொடர்ந்து ஆடும்போது எண்ணெயில் நுரை கட்டாமல் தடுப்பதே அந்த வாயுவின் வேலை. பந்தயச் சாமான் அல்ல, கம்பெனி ஷாக்கின் இடத்தில் பொருந்துவது. பால் ஜாயிண்டும் லிங்க் ராடும் 555 என்ற ஜப்பானியப் பெயரில் வந்தவை. ஸ்பிரிங்கைத் தொடவில்லை. சக்கர வளைவின் உயரத்தை நான்கு பக்கமும் அளந்தபோது இறக்கம் தெரியவில்லை. வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங் போடச் சொன்ன நண்பர்கள், பள்ளிக்கு ஒன்று, கோயிலுக்கு ஒன்று, சர்ச்சுக்கு ஒன்று என்று எழும்பி நிற்கும் நம் வேகத்தடைகளைப் பார்த்ததில்லை போலும்.

செடியா உற்பத்தி நின்று பல ஆண்டுகள் ஆகிவிட்டதால் சாமான் சேர்ப்பதே பெரிய வேலை. ஒரு பெருநகரக் கடை ஒரிஜினல் என்று அனுப்பிய லிங்க் ராடின் ரப்பர் உறை பெட்டியைத் திறக்கும்போதே கிழிந்திருந்தது. பெட்டியில் அச்சும் மங்கல். திருப்பி அனுப்பிப் பணம் வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. எல்லாச் சாமானும் கைக்கு வந்த பிறகே வண்டியைக் கழற்றக் கொடுங்கள். பாதி கழற்றிய காரைத் தன் ஒர்க் ஷாப்பில் வாரக்கணக்கில் வைத்திருக்க எந்த மெக்கானிக்கும் விரும்பமாட்டார்.

கழற்றுவதில் கடல் உப்பு தன் கைவரிசையைக் காட்டியது. மனைவியின் ஊர் குளச்சல் என்பதால் வண்டி அடிக்கடி கடற்காற்றில் நிற்கும். லோயர் ஆர்ம் போல்ட், புஷ்ஷின் உள் உருளையோடு துருவேறி ஒட்டிக்கொண்டிருந்தது. எண்ணெய் விட்டு இரவெல்லாம் ஊறவைத்தும் அசையவில்லை. கடைசியில் அறுத்துத்தான் எடுத்தார்கள். புதிய போல்ட்டுகளையும் முன்கூட்டியே வாங்கியிருந்தது கைகொடுத்தது. மாட்டும்போது போல்ட்டின் உடலில் துருப்பிடிக்காத கிரீஸ் தடவச் சொன்னேன்.

மாட்டுவதில் நான் விடாமல் நின்று பார்த்தது ஒன்றே ஒன்றுதான். ரப்பர் புஷ் பேரிங் மாதிரி சுழல்வதில்லை. உள் உருளையும் வெளி உருளையும் ரப்பரோடு ஒட்டியிருக்கும். கரம் ஏறி இறங்கும்போது ரப்பர் முறுக்கிக்கொண்டு திரும்பும். சக்கரம் தொங்கும் நிலையிலேயே போல்ட்டை இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும்போதெல்லாம் ரப்பர் முறுகியே கிடக்கும். சில மாதங்களில் கிழிந்துவிடும். 'புது புஷ் போட்டேன், ஆறு மாதம்கூட வரவில்லை' என்று புலம்புகிறவர்களில் பலருக்குக் காரணம் இதுவாகவே இருக்கும். வண்டியின் எடை சக்கரத்தில் உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கு. அண்ணாச்சிக்கு இது முன்பே தெரியும். அவரது உதவியாளருக்குத்தான் அவசரம்.

எல்லாம் முடிந்ததும் நான்கு சக்கர அலைன்மெண்ட். முன்சக்கர டோவை (சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் கோணத்தை) மட்டும் சரிசெய்துவிட்டு ரசீது தரும் இடங்கள் ஏராளம். மல்டிலிங்க் வண்டிக்குப் பின்சக்கரக் கோணங்களையும் அளந்து அச்சிட்டுத் தரும் இடத்துக்குத்தான் போக வேண்டும்.

அதன் பிறகு சுமார் 35,000 கிலோமீட்டர் ஓடிவிட்டது. பெரும்பகுதி நாகர்கோவிலிலிருந்து தக்கலை, மார்த்தாண்டம் வழியாகக் களியக்காவிளை. கல் ஏற்றிக்கொண்டு கேரளத்துக்குப் போகும் டாரஸ் லாரிகள் அமுக்கி அமுக்கி அலை அலையாக்கிய தார், அதன்மேல் ஒட்டு, ஒட்டின்மேல் பள்ளம். முன்பு இந்தச் சாலையில் பள்ளத்தில் இறங்கிய சக்கரம் மூன்று முறை ஆடி அடங்கும். இப்போது ஒரே முறையில் அடங்கிவிடுகிறது. பேச்சிப்பாறைச் சாலையின் வளைவுகளில் ஆக்சிலரேட்டரை விட்டாலும் பின்பக்கம் பாதை மாறுவதில்லை. ஆரல்வாய்மொழிக் காற்றில் வண்டி இப்போதும் நகர்கிறது. நகர்ந்த பின் அந்த இரண்டாவது அசைவு இல்லை.

எல்லாமே இனிப்பாக இல்லை. மெதுவாகப் போகும்போது வண்டி முன்பைவிடக் கெட்டி. வடசேரி நெரிசலில் ஒவ்வொரு கல்லையும் இருக்கை அறிவிக்கிறது. பின்னால் உட்காரும் அம்மா, "மக்களே, முன்பு இருந்ததே சுகமாக இருந்தது" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அவர் சொல்வதும் உண்மைதான். செத்த ஷாக் அப்சார்பர் நகரத்துக்குள் மெத்தை மாதிரிதான் இருக்கும்.

முதலில் தேய்ந்தது லிங்க் ராடு. சேறும் தண்ணீரும் நேராக அடிக்கும் இடத்தில் இருப்பதால் அதன் சின்ன மூட்டு மற்றவற்றைவிடச் சீக்கிரம் போய்விடுகிறது. இரண்டாவது மழைக்காலம் முடிந்ததும் பழைய 'கட கட' திரும்பியது, மாற்றினேன். விலை குறைவு, வேலையும் எளிது, குறை என்று சொல்லமாட்டேன். ஸ்டெபிலைசர் பாரின் பாலியூரித்தேன் புஷ், எதிர்பார்த்தபடி ஏப்ரல் வெயிலில் முனகும். சிலிக்கோன் கிரீஸ் தடவினால் அடுத்த கோடை வரை அமைதி. ஷாக் அப்சார்பரில் கசிவு இல்லை. முன் லோயர் ஆர்ம் புஷ்களில் வெடிப்பு இல்லை. டயர்கள் இப்போது சமமாகத் தேய்கின்றன.

மொத்தச் செலவு கூலியும் சேர்த்து நான்கு நல்ல டயர்களின் விலையைவிடச் சற்று அதிகம். இதே பணத்தில் பெரிய அலாய் சக்கரம் போடலாமே என்று கேட்கிறவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. அவர்கள் தேடுவது வேறு.

பின்சக்கரத்தை முன்னும் பின்னும் நகராமல் பிடிக்கும் டிரெயிலிங் ஆர்மின் புஷ்ஷில் மட்டும் சமீபத்தில் மயிரிழை வெடிப்பு ஒன்று தெரிகிறது. ஆட்டம் இன்னும் வரவில்லை. ஒரு ஜோடிக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்; ஜூன் மழைக்கு முன் வந்துவிட்டால் அலைன்மெண்டோடு சேர்த்து ஒரே நாளில் முடித்துவிடலாம்.