பழைய ஸ்பீக்கருக்கு ஃபோம் மாற்றக் கொடுப்பவர்கள் கவனிக்கவும்: 14,500 ரூபாயும் போச்சு, ஒரிஜினல் வூஃபரும் போச்சு

திருநெல்வேலிப் பக்கம் பழைய ஸ்பீக்கர், ஆம்ப்ளிஃபையர், ரெக்கார்ட் பிளேயர் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இதைப் படியுங்கள். என்னிடம் 14,500 ரூபாய் வாங்கிக்கொண்டு, பெட்டிக்குள் இருந்த ஒரிஜினல் வூஃபர் (கனத்த சத்தம் தரும் பெரிய ஸ்பீக்கர்) இரண்டையும் உருவிவிட்டு, கார் ஸ்பீக்கரை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். நேற்று ராத்திரிதான் தெரிந்தது. கடைப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. பழைய ஆடியோ செட் ரிப்பேர் செய்கிற கடை, நம் ஊருக்குள்ளேயே இருக்கிறது.

என் மாமா குவைத்தில் வேலை பார்த்தபோது வாங்கிவந்த ஏஆர் ஜோடி அது. அக்கூஸ்டிக் ரிசர்ச் என்ற அமெரிக்கக் கம்பெனி, எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் 1954-இல் தொடங்கியது. காற்று கசியாமல் மூடிய பெட்டி. உள்ளே அடைபட்ட காற்றே வூஃபரில் அதிரும் கூம்புக்கு ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும், அதனால்தான் சின்னப் பெட்டியில் இருந்து அவ்வளவு ஆழமான பேஸ் வருகிறது. இதற்கென்றே வூஃபரை மிகத் தளர்வாகச் செய்திருப்பார்கள். கண்ட வூஃபரையும் அதில் மாட்டினால் அந்தச் சத்தம் வராது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா அதில் காருகுறிச்சி அருணாசலத்தின் நாதஸ்வரம் போடுவார். தவிலில் கனத்த சத்தம் வரும் தொப்பிப் பக்கம் தட்டும்போது திண்ணையில் உட்கார்ந்திருப்பவருக்கும் நெஞ்சில் வந்து விழும். மாமா போன பிறகு அத்தை அதை எனக்குக் கொடுத்தாள்.

கூம்பைச் சுற்றியிருக்கும் விளிம்பு பாலியூரித்தேன் ஃபோம். ஈரக்காற்று பட்டுப் பட்டு பதினைந்து, இருபது வருஷத்தில் தானாக உதிர்ந்துவிடும், பாட்டுப் போட்டாலும் போடாவிட்டாலும். கூம்பும் அதை அசைக்கும் கம்பிச்சுருளான காயிலும் நன்றாக இருந்தால் ஃபோமை மட்டும் மாற்றினால் போதும், பழைய சத்தம் திரும்பிவிடும். என்னுடையதும் அப்படித்தான் இருந்தது.

கடைக்காரருக்கு வேலை தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம். வயிற்றெரிச்சலே அதில்தான். முன்துணியைக் கழற்றினார். இரண்டு கை விரல்களையும் கூம்பின் மேல் சமமாக வைத்து மெதுவாக அழுத்தினார், காதைப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். "காயில் உரசல, தம்பி. நல்ல உசுரோட இருக்கு" என்றார். சத்த அளவைக் கூட்டிக் குறைக்கும் லெவல் திருகியைத் திருப்பிப் பார்த்து, துரு பிடித்திருப்பதைச் சரியாகச் சொன்னார். பின்னால் அலமாரியில் வால்வு ரேடியோக்கள் வரிசையாகத் துடைத்து வைத்திருந்தது. "இத யாரு கேட்டாலும் வித்துராதிய. இப்ப இந்த மாதிரி எவன் செய்தான்?" என்று பெட்டியைத் தடவிக்கொடுத்தார். மாமாவே பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு. ஃபோமுக்கும் கூலிக்கும் 8,000, கிராஸ்ஓவரில் (கனத்த சத்தத்தையும் மெல்லிய சத்தத்தையும் பிரித்து அனுப்பும் சர்க்யூட்) கெபாசிட்டர் மாற்றவும் லெவல் திருகிக்கும் 6,500. மொத்தம் 14,500 ரூபாய். முழுப் பணமும் முன்னாலேயே வேண்டும், சாமான் பாம்பேயில் இருந்து வரணும் என்றார். அங்கேயே போனில் அனுப்பினேன். பில் கேட்டதற்கு, "செட்ட எடுக்கும்போது சேத்துத் தாரேன்" என்றார்.

இரண்டு வாரம் என்றது இழுத்துக்கொண்டே போனது. ஃபோம் வரவில்லை. அப்புறம் ஃபோம் வந்தது, பசை வரவில்லை. அப்புறம் மழைக்குப் பசை காயவில்லை. கடைசியில் ஒருநாள் அவரே கூப்பிட்டு, செட் ரெடி என்றார். கடையில் ஏதோ சினிமாப் பாட்டைச் சத்தமாகப் போட்டுக் காட்டினார், தெரு இரைச்சலில் எல்லாம் நன்றாகத்தான் கேட்டது. முன்துணியைப் பசை வைத்து ஒட்டியிருந்தார். ஏன் என்று கேட்டேன். "அதிராம இருக்கும்லா" என்றார்.

வீட்டில் நாதஸ்வரம் போட்டேன். தவிலில் மற்றப் பக்கமான வலந்தலை மட்டும் படபடவென்று கேட்கிறது, தொப்பியைக் காணோம். போன் போட்டேன். "புது ஃபோம்லா, ஓட ஓடத்தான் இளகும்." சரி என்று ஓடவிட்டேன். இளகவில்லை, ஆம்ப்ளிஃபையர்தான் கை வைக்க முடியாமல் சுட்டது. மறுபடி கேட்டால், "உங்க ஆம்ப்ளிஃபையர்லதான் கோளாறு, அதையும் கொண்டாங்க" என்கிறார். அதற்கும் தனியாகக் காசாம்.

நேற்று ராத்திரி துணியைக் கிழித்தே பார்த்தேன். விளிம்பு ஃபோமே இல்லை, கெட்டி ரப்பர். கூம்பை அழுத்தினால் அசைய மாட்டேன் என்கிறது. ஸ்க்ரூவைக் கழற்றி வெளியே எடுத்தால் ஸ்டிக்கர் சுரண்டிய கார் வூஃபர். பெட்டியின் முதுகில் 8 ஓம் (மின்தடை அளவு) என்று அச்சடித்திருக்கிறது. 8 ஓம் வூஃபர் என்றால் மல்டிமீட்டரில் சுமாராக 5 முதல் 7 ஓமுக்குள் காட்ட வேண்டும். இது 3.4 காட்டியது. அதாவது 4 ஓம் வூஃபர். ஓம் குறைந்தால் கரண்ட் கூடுதலாக ஓடும், ஆம்ப்ளிஃபையர் ஏன் கொதித்தது என்று அப்போதுதான் புரிந்தது. கெபாசிட்டரையாவது மாற்றினார்களா? இல்லை. பழையதே பழைய ஈயப்பற்றோடு அப்படியே உட்கார்ந்திருக்கிறது. 14,500 ரூபாய் எதற்கு?

காலையில் கடை திறந்ததும் போய் நின்றேன். என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "நீங்க கொண்டுவந்ததே இதான்" என்றார். உதிர்ந்த ஃபோமோடு ஒரிஜினல் வூஃபர் இருக்கிற படத்தைப் போனில் காட்டினேன். "படத்துல இருக்கது உங்க செட்டுன்னு யாரு சொன்னா? பில்லு வச்சிருக்கியளா?" என்றார். தராத பில்லை என்னிடம் கேட்கிறார்! மத்தியானம் போன் செய்தால் கடைப் பையன் எடுத்து, "அண்ணாச்சி தென்காசிக்குப் போயிருக்காவ" என்கிறான். அதன் பிறகு போன் போகவே இல்லை. 14,500 ரூபாயைக்கூட உழைத்துச் சம்பாதித்துவிடுவேன். அந்த வூஃபரை எங்கே போய்த் தேடுவேன்?

1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதிந்துவிட்டேன். பணம் அனுப்பிய விவரமும் படங்களும் இருக்கின்றன, மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப்போகிறேன்.

என்னென்ன பார்க்க வேண்டும் என்று விரிவாக எழுத நினைத்தேன், இப்போது பொறுமை இல்லை. கொடுப்பதற்கு முன் வூஃபரைக் கழற்றி, காந்தத்தின் பின்பக்கம் மார்க்கரில் கையெழுத்துப் போட்டுப் படம் எடுங்கள். ஓம் அளவையும் பெட்டியின் எண்ணையும் ரசீதில் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய கெபாசிட்டரைக் கேட்டு வாங்குங்கள். துணியை ஒட்டித் தந்தால் அங்கேயே பிரிக்கச் சொல்லுங்கள். முழுப் பணம் முன்னால் வேண்டாம்.

ஏஆர் 8 இஞ்ச் வூஃபர் ஜோடி ஏதாவது உங்களிடம் விலைக்கு வந்தால் பின்பக்கம் பாருங்கள். ஒன்றின் இரும்புக் கூடையில் பச்சைப் பெயிண்ட் சொட்டு இருக்கும், மாமா ஜன்னலுக்கு அடித்தபோது சிந்தியது. இருந்தால் வாங்காதீர்கள், படம் எடுத்து உடனே எனக்கு அனுப்புங்கள்.