ஐபோன் 15: எனக்கு சரி, இட்லி மாமாவுக்கு வேண்டாம்

2024 தீபாவளி சேல்ல ஐபோன் 15 எடுத்தேன். 128 ஜிபி, கறுப்பு. கார்டு ஆஃபர், பழைய போன் எக்ஸ்சேஞ்ச் எல்லாம் கழிச்சு 54 ஆயிரத்து சொச்சம். எடுத்த நாள்ல இருந்து தாராவில எங்க தெருவுல, சொந்தக்காரங்க கல்யாணத்துல, ஆபீஸ் கேன்டீன்லனு பாக்குறவங்க எல்லாம் கையில வாங்கி திருப்பித் திருப்பிப் பாத்துட்டு "நானும் இத எடுக்கலாமா"னு கேக்குறாங்க, நானும் ஆளுக்கு ஒரு பதில் சொல்றேன், கடைசில "இவன் மட்டும் ஐபோன் வச்சிருக்கணும்னு நெனைக்கிறான்"னு பேர் வாங்கினதுதான் மிச்சம். அதான் மொத்தமா எழுதிடலாம்னு.

இந்த போன் கடைக்கு வந்தது 2023 செப்டம்பர் 22, அப்போ ஆரம்ப விலை 79,900. பிகேசில, அதாவது பாந்திரா குர்லா காம்ப்ளக்ஸ்ல இருக்குற ஆப்பிள் கடைய அந்த வருஷம் ஏப்ரல்லதான் ஆப்பிள் சிஇஓ டிம் குக்கே வந்து தொறந்து வச்சாரு, போன் வந்த முதல் நாள் காலைல அங்க நீளமா க்யூ. எங்க வீட்டுக்கும் பிகேசிக்கும் நடுவுல மித்தி ஆறு ஒண்ணுதான், ஆனா 79,900ங்கறது அந்த ஆத்த விட அகலம். அடுத்த வருஷம் 16 வந்து, ஆப்பிளே இத 69,900க்கு எறக்கின பிறகு, சேல் வரட்டும்னு காத்துக் கெடந்து எடுத்தேன். இத நம்ம ஸ்ரீபெரும்புதூர்லயும் செய்யறாங்க, அப்பாகிட்ட "நம்ம ஊரு சரக்குப்பா"னு சொல்லித்தான் சமாளிச்சேன்.

என் கதைய முதல்ல சொல்லிடறேன். தெனம் சயன்ல ஏறி தாதர்ல மாறி லோயர் பரேல், சாயங்காலம் அதே ரூட்ல திரும்ப. எட்டரை மணி லோக்கல் ட்ரெயின்ல நின்னு பழகினவங்களுக்கு தெரியும், ஒரு கை மேல கம்பில, இன்னொரு கையில போன், பெருவிரல் எட்டுற அளவுதான் ஸ்க்ரீன். இதுக்கு முன்னாடி வச்சிருந்தது 6.7 இன்ச், அத ஒத்தக் கையில பிடிக்கறதும் ஒண்ணுதான் செங்கல்ல பிடிக்கறதும் ஒண்ணுதான். இது 6.1 இன்ச், 171 கிராம். நான் இத எடுத்ததுக்கு பாதிக் காரணம் அதான், கேமராவெல்லாம் அப்புறம். வெயில்ல ஸ்க்ரீன் நல்லாத் தெரியுது, வெளியில வெளிச்சம் 2000 நிட்ஸ் வரைக்கும் போகுமாம், நம்பர விடுங்க, மே மாசம் பன்னெண்டு மணிக்கு பரேல் பாலத்துல நின்னு யாருக்கு எவ்வளவு அனுப்பறோம்னு கையால நிழல் கட்டாம பாக்க முடியுது, அது போதும்.

பேட்டரி ரொம்ப பெருசா சொல்றதுக்கு இல்ல. காலைல ஏழு மணிக்கு நூறு, ராத்திரி ஒம்பதுக்கு சயன்ல எறங்கறப்ப இருபது இருபத்தஞ்சு நிக்கும். நடுவுல ஹாட்ஸ்பாட் போட்டா சாயங்காலம் டீ டைம்லயே சிவப்பு. சார்ஜும் மெதுவுதான், 20 வாட் அடாப்டர் போட்டா அரை மணில பாதி ஏறும்னு ஆப்பிளே சொல்றாங்க, ஆனா அதே அரை மணில முழுசா ஏறுற 80 வாட் போன பக்கத்து சீட்டுக்காரர் வச்சிருக்காரு. ஒரே நிம்மதி யூஎஸ்பி சி. 14 வரைக்கும் அந்த லைட்னிங் கேபிளுக்காக ஆபீஸ் பூரா "ஐபோன் கேபிள் இருக்கா"னு பிச்சை எடுக்கணும், இப்போ யார்கிட்ட வேணா வாங்கி சொருகலாம். ஆனா கேபிள் வழியா ஃபைல் ஏத்தினா யூஎஸ்பி 2 வேகம்தான், பழைய பென்டிரைவ் காலம் மாதிரி.

பாக்ஸ்ல கேபிள் மட்டும்தான், அடாப்டர் கிடையாது. இதுல ஒரு சொந்த அனுபவம் இருக்கு. லேமிங்டன் ரோட்டுல ஒரு கடையில, கடை பேரு வேண்டாம், "ஒரிஜினல் சேட், அதே டப்பா, அதே சாமான், பாதி விலை"னு ஒருத்தர் கொடுத்தாரு, நானும் பெருமையா வாங்கிட்டு வந்தேன். சார்ஜ்ல போட்டுட்டு மெசேஜ் டைப் பண்ணினா எழுத்து தானா தாவுது, நான் 'சரி'னு அடிச்சா 'சசசரிரி'னு போகுது. போன்ல கோளாறுனு ரெண்டு நாள் தூக்கம் இல்ல. அப்புறம் ஆபீஸ்ல வேற ஒருத்தர் அடாப்டர்ல போட்டா கம்முனு இருக்கு. அந்த 'ஒரிஜினல்' இப்போ அம்மாவோட கொசு விரட்டி ஷெல்ஃப்ல கெடக்கு. திரும்பக் கொண்டு போய் கேட்டேன், அந்த ஆளு என்னை அதுக்கு முன்னாடி பாத்ததே இல்லங்கற மாதிரி பாத்தாரு.

60 ஹெர்ட்ஸ் விஷயத்துக்கு வருவோம், அதாவது ஸ்க்ரீன் செகண்டுக்கு 60 தடவதான் புதுசாகும்ங்கறது, ஏன்னா சித்தி பையன் இதப் பத்தி மட்டும் ஒரு மணி நேரம் சண்டை போட்டான். அவன் காலேஜ் படிக்கிறான், கேம் ஆடுறவன், அவனோட 20 ஆயிரம் ரூபா போன்ல 120 ஹெர்ட்ஸ் இருக்கு. "அண்ணே, 80 ஆயிரத்துக்கு வந்த போன்ல 60 வச்சிருக்காங்க, உங்களுக்கு கண்ணு தெரியுதா இல்லையா"ங்கறான். அவன் சொல்றது நூத்துக்கு நூறு சரி. ரெண்டையும் பக்கத்துல வச்சு ஸ்க்ரோல் பண்ணினா இது திணறுற மாதிரிதான் தெரியும். ஆனா பக்கத்துல வைக்காத வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியல, அதையும் சொல்லணும்ல. அவன மாதிரி ஆளு இத எடுக்கவே கூடாது, ரெண்டு மேட்ச் ஆடினா பின்பக்கம் சூடு ஏறுது, வெளிச்சம் தானா கொறையுது. அவன் கேஸ் அங்கயே முடிஞ்சுது.

இப்போ மாமா. இந்த மாமாவாலதான் நான் யோசிக்கவே ஆரம்பிச்சேன்.

அம்மாவோட பெரிய தம்பி, இருபது வருஷத்துக்கு மேல தாராவில இட்லி போடுறாரு. ராத்திரி ரெண்டரைக்கு அடுப்பு பத்த வச்சா அஞ்சு மணிக்குள்ள சைக்கிள்காரங்க தூக்குல ஏத்திட்டு மாஹிம், பாந்திரானு கெளம்பிடுவாங்க. அவருக்கு திடீர்னு ஐபோன் ஆசை. "மருமவனே, பெரிய பெரிய ஆளுங்க ஆர்டர் குடுக்க வாராவ, நாமளும் கொஞ்சம் டீசன்டா இருக்கணும்லா." சரினு ஒரு நாள் விடியக்காலைல என் போனையே கொண்டு போய் கொடுத்தேன், ஒரு மணி நேரம் வச்சுப் பாருங்க மாமானு.

முதல் பத்து நிமிஷம் போன்தான் ஜெயிச்சுது. கை பூரா மாவு, பழைய போன்னா விரல வேட்டில தொடச்சுட்டு ரெண்டு தடவ மூணு தடவ அமுக்குவாரு, இதுல மூஞ்சியக் காட்டினா தொறக்குது. என் மூஞ்சிதான் அதுல பதிவாயிருக்கு, அதனால ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்ட்டு மூஞ்சிக்கு நேரா நீட்டினாரு, அது வேற விஷயம். ஆவி, தண்ணி எதுக்கும் பயம் கெடையாது, தண்ணி தாங்கும்னு ஐபி68 ரேட்டிங் இருக்குனு நானும் பெருமையா சொன்னேன். சொல்லிட்டு அடுத்ததையும் சொன்னேன், தண்ணி போகாதுனு எழுதிருக்காங்க, ஆனா தண்ணி போய் கெட்டா வாரன்ட்டி கிடையாது. மாமா சிரிச்சாரு. "அப்ப எதுக்குலே எழுதியிருக்கான்?"

அப்புறம் சிம் ட்ரேய வெளிய இழுத்துப் பாத்தாரு. "இன்னொரு சிம்மு எங்கல போடணும்?"

மாமாகிட்ட ரெண்டு நம்பர். ஒண்ணு அம்பாசமுத்திரத்துல வாங்கினது, பேங்க், யுபிஐ எல்லாம் அதுல. இன்னொண்ணு பம்பாய் நம்பர், ஆர்டர் பூரா அதுல. இந்தியால விக்கிற 15ல ஒரு சிம் கையால போடறது, இன்னொண்ணு ஈசிம், அதாவது அட்டையே கெடையாது, போனுக்குள்ளயே எழுதிக்கறது. எனக்கு அது ஒரு விஷயமே இல்ல. மாமாவுக்கு அதான் முழு விஷயமும். ஏன்னா வருஷத்துக்கு ஒரு தடவையாவது அவரு போன் சாம்பார் அண்டால விழும், இல்ல மாவு கிரைண்டர் மேல இருந்து குதிக்கும். அப்போ என்ன செய்வாரு, சேஃப்டி பின்னால சிம்ம கழட்டி அலமாரில கெடக்குற பட்டன் போன்ல போடுவாரு, ரெண்டு நிமிஷம், அடுத்த ஆர்டர் வந்துரும். ஈசிம்ல இருக்குற நம்பர் போனோட சேந்து சாம்பார்ல போயிடும். கம்பெனிக்கு மெசேஜ் அனுப்பி, ஓடிபி வாங்கி, க்யூஆர் ஸ்கேன் பண்ணி, அதுக்கும் ஈசிம் எடுக்குற இன்னொரு போன் வேணும். விடியக்காலை நாலு மணிக்கு யாரு செய்வா? சொந்தக்காரங்க அமெரிக்கால இருந்து கொண்டு வர்ற 15ல சிம் ட்ரேயே இருக்காது, அதையும் சேத்து சொன்னேன், மாமா கைய எடுத்து கும்பிட்டாரு.

இன்னொண்ணு கால் ரெக்கார்டிங். மாமா எல்லா ஆர்டரையும் பதிவு பண்ணி வச்சுக்குவாரு, 300 இட்லினு சொல்லிட்டு காலைல வந்து "200தான் சொன்னேன்"னு நிக்கிறவங்களுக்கு போட்டுக் காட்டறதுக்கு. ஐபோன்ல இது ஐஓஎஸ் 18.1 அப்டேட்ல, 2024 அக்டோபர்லதான் வந்துச்சு, ஆனா அமுக்கின உடனே இந்த கால் பதிவாகுதுனு ரெண்டு பக்கமும் கேக்குற மாதிரி ஒரு குரல் சொல்லும். கூகுள் டயலர், அதாவது கால் பண்ற ஆப், உள்ள ஆண்ட்ராய்டுலயும் அப்படித்தான். மாமா போன்ல இருக்கறது போன் கம்பெனியோட சொந்த டயலர், அது வாயத் தொறக்காது. பேசுற ஆளுக்கு சொல்லிட்டு பதியறதுதான் நியாயம்னு நான் சொன்னேன், "நியாயம் பாத்தா 100 இட்லி நான்தாம்லே திங்கணும்"னாரு. அதுக்கு மேல நான் பேசல. 12 ஆயிரத்துக்கு ஆண்ட்ராய்டு ஒண்ணு, ரெண்டு சிம் ட்ரேயோட, எடுத்துக் கொடுத்தாச்சு.

அக்கா கதை நேர் எதிர். அவ செம்பூர்ல வீட்டுல இருந்தே புடவை விக்கிறா, காஞ்சிபுரத்துல இருந்து சரக்கு வரும், போட்டோ வாட்ஸப்ல போகும், வீடியோ இன்ஸ்டால. அவளோட பழைய போன்ல எடுத்தா அரக்கு எல்லாம் ரோஸ் ஆயிடும், வாங்கினவங்க "கலர் வேற மாதிரி இருக்கே"னு திருப்பி அனுப்புவாங்க, கூரியர் காசு இவ தலையில. ஒரு நாள் மாம்பழக் கலர் உடம்பு, பாட்டில் பச்சை பார்டர், ஜன்னல் ஓரமா போட்டு என் போன்ல எடுத்தோம். 48 மெகாபிக்சல்ல நடுவுல வெட்டி 2 மடங்கு ஜூம் கொடுக்குது இது, ஜரிகைல இருக்குற அன்னப்பட்சி கண்ணு தனியாத் தெரியுது. போட்டோவையும் புடவையையும் மாத்தி மாத்திப் பாத்தா, அடுத்த வாரம் இதே போன் நீலக் கலர்ல ஒண்ணு எடுத்துட்டா. அவளப் பொறுத்த வரைக்கும் இது செலவு இல்ல, தராசு மாதிரி, கடைக்கு வேணும்.

ஆனா நான் 256 ஜிபி எடுனு தலபாடா அடிச்சேன், கேக்கல. 4கே, செகண்டுக்கு 60 ஃப்ரேம்னு எடுத்தா ஒரு நிமிஷ வீடியோவே 400 எம்பி, செட்டிங்ஸ்லயே எழுதிருக்கும், மெமரி கார்டு போட எடம் கெடையாது, ஐக்ளவுட்ல இலவசம் 5 ஜிபி, அதுக்கு மேல 50 ஜிபிக்கு மாசம் 75 ரூபா. இன்னொரு தொல்லை, போட்டோ எல்லாம் ஹெச்இஐசினு ஒரு ஃபார்மேட்ல விழுது, அவளுக்கு பேனர் அடிக்கிற கடையோட பழைய கம்ப்யூட்டர்ல தொறக்கல. கேமரா செட்டிங்ஸ்ல ஃபார்மேட்ஸ் போய் ரெண்டாவது ஆப்ஷன மாத்தினா ஜேபெக் ஆயிடும், இது தெரியாம அவ ஒரு மாசம் எல்லாத்தையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து அனுப்பிட்டு இருந்தா.

அப்பாவுக்கு வேண்டாம்னு ரெண்டே நாள்ல தெரிஞ்சுது. பேக் பட்டன் இல்ல. ஓரத்துல இருந்து விரல இழுக்கணும், அவரு இழுத்தா நடுவுல இருந்து இழுப்பாரு, இல்லைனா மேல இடது மூலைல சின்னதா ஒரு அம்பு, அது அவரு கைக்கு எட்டாது. ஐஓஎஸ் 17ல இருந்து பெரிய பெரிய கட்டமா மாத்தித் தர்ற ஒரு வசதி இருக்கு, அசிஸ்டிவ் ஆக்சஸ்னு பேரு, போட்டுக் கொடுத்தேன். "என்னைய என்ன சின்னப் புள்ளைனு நெனச்சியா"னு கழட்டச் சொல்லிட்டாரு. அவரு பழைய போன்ல தமிழ்ல பேசினா ஜிபோர்டுங்கற கூகுள் கீபோர்டு அதுவா டைப் பண்ணும், அதுலயே காலைல நாலு குரூப்புக்கு திருக்குறள் போடுவாரு, சந்தோஷமா இருக்காரு, எதுக்கு கலைக்கணும்.

பாதுகாப்பு பத்தி ஒரு வார்த்தை, லோக்கல்ல போறவங்களுக்கு மட்டும். கதவுகிட்ட நின்னு போன் பாக்காதீங்க, வெளிய இருந்து கம்பால கையிலயே அடிப்பாங்க, ஃபட்கானு பேரே இருக்கு அதுக்கு. அப்படிப் போனாலும் உங்க ஆப்பிள் அக்கவுன்ட் பாஸ்வேர்ட் இல்லாம எடுத்தவன் இத புதுசா செட் பண்ண முடியாது, நல்லதுதான், ஆனா கழட்டி பார்ட்ஸா வித்துடுவான், போன் என்னவோ திரும்ப வரப் போறது இல்ல. செட்டிங்ஸ்ல ஸ்டோலன் டிவைஸ் ப்ரொடெக்‌ஷன் ஆன் பண்ணி வைங்க.

இப்போ எடுக்கலாமானு கேட்டா, 2025 செப்டம்பர்ல ஐபோன் 17 வந்தாச்சு, ஆரம்பமே 256 ஜிபி, 120 ஹெர்ட்ஸ், வந்தப்போ விலை 82,900. கையில காசு இருந்து அஞ்சு வருஷம் வச்சுக்கப் போறீங்கனா கண்ண மூடிட்டு அத எடுங்க, சித்தி பையன் மாதிரி ஆளுங்க வாயும் மூடும். 15ல ஆப்பிளோட ஏஐ சமாச்சாரம் வராது, அது இல்லாம எனக்கு ஒரு நாளும் தூக்கம் கெடல. 2019ல வந்த 11க்கே ஐஓஎஸ் 26 கொடுத்திருக்காங்க, அதனால அப்டேட் பயம் இப்போதைக்கு இல்ல. சேல்ல 50 ஆயிரத்துக்குள்ள சீல் பிரிக்காத 15 கிடைச்சா, சின்ன போன் வேணும், போட்டோ வேணும், ஒரு சிம்மோ ஈசிம்மோ போதும்னா எடுக்கலாம். அதுக்கு மேல ஒரு ரூபா போனாலும் ஐபோன் 16 பக்கம் பாருங்க.

அக்கா இப்போவே 17 வேணும்னு ஆரம்பிச்சுட்டா, போன் ஸ்லோவா இருக்காம். வாங்கிப் பாத்தேன், 128ல 125 ஜிபி ஃபுல், அதுல 38 ஜிபி மாமா பொண்ணு கல்யாண வீடியோ, பந்தில எல எடுக்கறது வரைக்கும் 4கேல எடுத்து வச்சிருக்கா. முதல்ல அத லேப்டாப்ல ஏத்திட்டு டெலிட் பண்ணுனு சொல்லிருக்கேன். இன்னும் பண்ணல.