இலையுதிர்காலப் பூங்காவில் நிக்கான் மோனார்க் எம்5 8×42

இலையுதிர்காலத்தில் பல பறவைகள் இனப்பெருக்கக் காலத்தின் பளிச் நிறத்தை இழந்திருக்கும். வலசை வந்த கதிர்க்குருவிகளில் பாதி ஒரே மாதிரி மங்கல் பச்சையாகத் தெரியும். புருவக்கோடு எவ்வளவு நீளம், இறக்கையில் பட்டை உண்டா, கால் என்ன நிறம் என்று பார்த்துத்தான் பெயர் சொல்ல முடியும். அதுவும் வெயில் மரத்துக்குள் இறங்காத நேரத்தில். இந்த வேலைக்கு இந்தப் பைனாகுலர் நன்றாகவே ஈடுகொடுக்கிறது, ஒரு குறையைத் தவிர.

முதலில் வெளிச்சம். முன் லென்ஸின் விட்டமான 42 மி.மீ.-ஐ உருவத்தைப் பெரிதாக்கும் 8 மடங்கால் வகுத்தால் 5.25 மி.மீ.; கண்ணுக்கு வந்து சேரும் ஒளிவட்டத்தின் விட்டம் அது. 10×42-இல் 4.2 மி.மீ.தான். விடியலில் கண்பாவை விரிந்திருக்கும்போது இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். வயது ஏற ஏறப் பாவை குறைவாகவே விரியும் என்பதால் பெரியவர்களுக்கு லாபம் கொஞ்சம் குறையும். ஆனாலும் 10 மடங்கில் கை நடுக்கமும் கூடுதலாகத் தெரியும். பூங்காவுக்கு 8 மடங்கே சரி. ஈடி கண்ணாடி (நிறங்கள் பிரிந்து சிதறுவதைக் குறைக்கும் கண்ணாடி) இருப்பதால், வெள்ளை வானத்தின் முன் உட்கார்ந்த பறவையைச் சுற்றி ஊதா ஓரம் படர்வது குறைவு.

குறை பார்வைப்பரப்பு: 6.4 டிகிரி. 15 மீட்டர் தூரத்தில் ஏறக்குறைய 1.7 மீட்டர் அகலமே கிடைக்கும். இதே வரிசையின் எம்7 8×42-இல் 8.3 டிகிரி, அதாவது 2.2 மீட்டர். கிளைக்குக் கிளை தாவும், பல இனப் பறவைகள் சேர்ந்த கலப்புக் கூட்டத்தைத் துரத்தும்போது அந்த அரை மீட்டர் பெரிய விஷயம். எம்5 வாங்குபவர்கள் ஒரு பழக்கத்தைப் பிடிக்க வேண்டும்: பறவையிலிருந்து கண்ணை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். கீழே குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தால் குருவி போயிருக்கும்.

கிளம்புமுன் டயாப்டரை, அதாவது இரு கண்களின் பார்வை வித்தியாசத்தை ஈடுகட்டும் வளையத்தை, சரிபாருங்கள். இரு குழல்களையும் மடக்கி ஒரே வட்டம் தெரியும்படி வையுங்கள். வலது முன் லென்ஸைக் கையால் மூடி, 20–30 மீட்டர் தள்ளியுள்ள பலகை எழுத்தை நடுச்சக்கரத்தால் இடக்கண்ணுக்குத் தெளிவாக்குங்கள். பிறகு இடதை மூடி, சக்கரத்தைத் தொடாமல், வலக்கண் அருகே உள்ள வளையத்தை மட்டும் திருப்புங்கள். பைக்குள் உரசி அந்த வளையம் நகர்ந்துவிட்டால் படம் ஏனோ மங்கலாகவே இருக்கும். பலர் அதை லென்ஸின் குற்றம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மூக்குக்கண்ணாடி அணிபவர்கள் கண்வளையத்தை முழுக்க உள்ளே திருகிவிடலாம். கண்ணுக்கும் லென்ஸுக்கும் 19.5 மி.மீ. இடைவெளி கிடைப்பதால் வட்டத்தின் ஓரம் வெட்டுப்படாது.

உள்ளே நைட்ரஜன் நிரப்பியிருப்பதால் உட்புறம் பனி படியாது. வெளிப்புறத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. குளிர்ந்த கண்லென்ஸில் முகத்தின் ஈரம் படிந்து மங்கும். முகத்திலிருந்து விலக்கிச் சில நொடி காற்றில் பிடித்தால் தானாகத் தெளியும். சட்டை நுனியால் துடைத்தால் தூசி பூச்சைக் கீறும். சூரியன் தாழ்ந்து நிற்கும் பருவம் இது, அதை முதுகுக்குப் பின்னால் வைத்து நில்லுங்கள். பறவையைப் பின்தொடரும் வேகத்தில் சூரியன் பக்கம் திருப்பினால் கண் கெடும்.

எடை 630 கிராம். இரண்டு மணிநேர நடைக்கு மெல்லிய கழுத்துப்பட்டை ஒத்துவராது; தோளில் குறுக்காக மாட்டும் அகலப் பட்டையைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.