லண்டன், டம்டம், மறுபதிப்பு: ஒரே ‘அபே ரோடு’, மூன்று தட்டு

என் அலமாரியில் பீட்டில்ஸ் குழுவின் ‘அபே ரோடு’ ஆல்பம் வினைல் தட்டாக மூன்று கிடக்கிறது. “ஒரே பாட்டுக்கு மூணு தடவ துட்டு குடுத்த மனுசன்” என்று வீட்டில் எனக்குப் பெயர். ஒன்று 1969இல் இங்கிலாந்தில் அச்சடித்த முதல் பதிப்பு, தபாலில் வந்தது. இன்னொன்று கல்கத்தாவை ஒட்டிய டம்டமில் கிராமபோன் கம்பெனி ஆஃப் இந்தியா அடித்தது, குளச்சல் மாமா வீட்டு மச்சிலிருந்து இறங்கியது. மூன்றாவது 2019இல் ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டுக்கு வந்தது, துபாயில் இருக்கும் மச்சினன் கொண்டுவந்தான்.

நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் எனக்குத் தெரிந்த ராக் பைத்தியங்கள் முக்கால்வாசிப் பேர் சர்ச் பாட்டுக்குழுவில் கிட்டார் பிடித்து அங்கிருந்து இந்தப் பக்கம் ஒதுங்கியவர்கள். ரெக்கார்டு வாங்க ஆசை வந்ததும் அவர்கள் கேட்கும் முதல் கேள்வி, “அண்ணே, ஒரிஜினல்தான் வாங்கணுமா?” போன ஆனி மழையில் இரண்டு நாள் வெளியே இறங்க முடியாமல் கிடந்தபோது மூன்றையும் ஒரே டர்ன்டேபிளில், ஒரே ஊசியில் மாற்றி மாற்றிப் போட்டேன். அதை வைத்துச் சொல்கிறேன்.

முதலில் ஒரிஜினல் என்றால் என்னவென்று பார்த்துவிடலாம். ஸ்டூடியோ டேப்பிலிருந்து ஒரு மெழுகுபோன்ற லாக்கர் தட்டில், ஊசி ஓடும் வரியை வெட்டுவார்கள். அதன்மேல் உலோகம் படியவைத்து ஒரு எதிர் அச்சு, அதிலிருந்து ‘மதர்’, மதரிலிருந்து ‘ஸ்டாம்பர்’. ஸ்டாம்பர்தான் சூடான வினைலை அழுத்துகிறது. கிறிஸ்துமஸுக்கு அச்சப்பம் சுடுகிறவர்களுக்குத் தெரியும், அச்சு பழகப் பழகத்தான் மாவு நன்றாக விடும். ஸ்டாம்பர் அதற்கு நேர்மாறு, பழகப் பழக மழுங்கும். அதனால்தான் முதல் பதிப்புக்கு இந்த அடிதடி. டேப் புதிது, அச்சும் புதிது.

சரி, லண்டன் தட்டு. அட்டையின் பின்புறம் பீட்டில்ஸின் சொந்தக் கம்பெனியான ஆப்பிளின் சின்னம் பாட்டுப் பட்டியலோடு ஒரே நேரில் நிற்காமல் இடப்பக்கம் விலகி நிற்கும். கடைசியில் வரும் 23 விநாடிப் பாட்டின் பெயர் லேபிளில் இருக்காது. பாட்டு முடிந்து லேபிளுக்கு முன் வெற்று வளையம் ஒன்று இருக்கிறதல்லவா, அங்கே ஒரு பக்கம் வைஇஎக்ஸ் 749-2, மறுபக்கம் 750-1. கோட்டுக்குப் பின்னால் இருப்பது எத்தனையாவது வெட்டு என்பதற்கான எண். வெட்டியவர் ஹாரி மாஸ், இஎம்ஐ என்கிற ரெக்கார்டு கம்பெனியின் பொறியாளர்.

அதே வளையத்தை டார்ச் அடித்துச் சாய்த்துப் பார்த்தால் இன்னும் இரண்டு குறி தெரியும். லேபிளை நேராகப் பிடித்தால் கடிகாரத்தில் 9 மணி இருக்கும் இடத்தில் மதர் எண். 3 மணி இடத்தில் எழுத்து. கிராமபோன் லிமிடெட் என்பதன் ஆங்கில எழுத்துகளில் பத்தை வரிசையாக எடுத்து ஜிக்கு 1, ஆருக்கு 2, ஏக்கு 3, எம்முக்கு 4 என்று கொடுத்திருக்கிறார்கள். ஓ 5, பி 6, எச் 7, எல் 8. கடைசி இரண்டையும் தமிழில் எழுதினால் டி, டி என்று ஒன்றுபோல வந்து தொலைக்கும், முந்தைய டி 9, பிந்தைய டி 0. என் தட்டில் ஜி, எம். அதாவது 14ஆவது ஸ்டாம்பர். இதைக் கண்டுபிடித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். பாட்டு ஒன்றும் மாறிவிடவில்லை, அது வேறு விஷயம்.

ஆனால் ஒரிஜினல் என்பதையும் அரிது என்பதையும் போட்டுக் குழப்ப வேண்டாம். ‘அபே ரோடு’ முதல் பதிப்பு லட்சக்கணக்கில் விற்றது, அரிதே அல்ல. கீறல் இல்லாத ஒன்றுதான் அரிது. நிஜமாகவே அரிது வேண்டுமென்றால் 1963இல் வந்த பீட்டில்ஸின் முதல் ஆல்பம், கறுப்பும் பொன்னுமான பார்லோஃபோன் லேபிளில், ஸ்டீரியோவில். லெட் செப்பலின் குழுவின் முதல் ஆல்பத்தில் பெயரை நீலப்பச்சை எழுத்தில் அச்சிட்டு, சீக்கிரமே ஆரஞ்சுக்கு மாற்றிவிட்டார்கள், அந்த நீலப்பச்சை அட்டையும் அப்படித்தான். அதற்கெல்லாம் ஒரு தோப்பை விற்க வேண்டும். பிரதிக்குப் பிரதி எண் போட்டு வந்த பீட்டில்ஸின் ‘வெள்ளை ஆல்பத்தின்’ முதல் எண் பிரதி, அவர்களுடைய டிரம்மர் ரிங்கோ ஸ்டாரிடம் இருந்தது, 2015 டிசம்பரில் 7,90,000 டாலருக்கு ஏலம் போனது. அந்தப் பணம் எண்ணுக்கும் ஆளுக்கும், சத்தத்துக்கு அல்ல.

என் லண்டன் தட்டு வந்த கதையும் சுகமில்லை. விற்றவர் ‘புதுசு மாதிரி’ என்று தரம் போட்டிருந்தார். பிரித்தால் இரண்டாம் பக்கம் முழுக்க மயிரிழைக் கீறல். தட்டை அட்டைக்குள்ளேயே வைத்து அனுப்பியதில், வழியில் குலுங்கிக் குலுங்கி அட்டையின் மேல் விளிம்பு வெடித்திருந்தது. மேலே சுங்க வரி வேறு. அதிலிருந்து யாரிடம் வாங்கினாலும் ஒரு வரி எழுதிவிடுவேன்: தட்டை வெளியே எடுத்து, அட்டைக்குப் பின்னால் தனியாக வைத்து அனுப்புங்கள்.

கேட்கும்போது மனம் சமாதானமாகிவிடுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். டிரம்ஸோடு இருக்கும் சிம்பல் தாளத்தில் ஒரு காற்று இருக்கிறது, அடித்த பிறகு மெல்லக் கரைகிறது. மற்ற இரண்டிலும் எனக்கு அது அப்படியே கிடைக்கவில்லை.

இப்போது டம்டம். கிராமபோன் கம்பெனியின் ஆலை 1908இல் சியால்தாவில் தொடங்கி 1928இல் டம்டமுக்குப் போனது. எம்.எஸ். சுப்புலட்சுமியின் சுப்ரபாதமும் டி.எம்.எஸ். பாட்டும் எந்தக் கம்பெனியிலிருந்து நம் வீடுகளுக்கு வந்தனவோ, அதே கம்பெனிதான் பீட்டில்ஸையும் பிங்க் ஃபிளாய்டையும் இங்கே அடித்தது. இன்று அதன் பெயர் சாரேகாமா. வெளிநாட்டில் இந்தியத் தட்டு என்றால் வேடிக்கைப் பொருள் மாதிரி வாங்குகிறார்கள், நாமோ மட்டம் என்று ஒதுக்குகிறோம். இரண்டும் சரியில்லை. பல ஆல்பங்களுக்கு இங்கிலாந்திலிருந்தே உலோக அச்சு வந்தது. மாமாவின் தட்டு வளையத்தில் அதே வைஇஎக்ஸ் எண், அதே எந்திர எழுத்தில் நிற்கிறது. அப்படியென்றால் வெட்டு ஒன்றுதான், அழுத்திய இடம்தான் வேறு.

பிறகு ஏன் கரகரப்பு? பாதிக் குற்றம் வினைலுடையது, மீதி நம் வீடுகளுடையது. அந்தக் காலத்துப் பெட்டி பிளேயரில் ஊசியைப் பிடித்திருப்பது செராமிக் கார்ட்ரிட்ஜ், வரியின்மேல் ஐந்து ஆறு கிராம் பாரம். இன்றைய ஊசி சுமார் இரண்டு கிராமில் ஓடுகிறது. தேய்ந்த ஊசியை மாற்றாமல் வருஷக்கணக்கில் உழுதிருப்பார்கள். எனவே டம்டம் தட்டில் லேபிளையோ அட்டையையோ பார்க்காதீர்கள், வரியைப் பாருங்கள். வெளிச்சத்தில் கறுப்பாகப் பளபளத்தால் எடுக்கலாம். சத்தமான இடங்களில் மட்டும் சாம்பல் பூத்தாற்போல் இருந்தால், எவ்வளவு கழுவினாலும் அது போகாது. வடசேரியில் பழைய சாமான் எடுக்கும் ஒரு ஆக்கர் கடைக்காரர் “கழுவுனா பாடும் அண்ணாச்சி” என்று ஐந்து தட்டு தலையில் கட்டினார். கழுவினேன். பாடவில்லை, பொரித்தது.

மாமா தட்டு அந்த ரகமில்லை. கரகரப்பு உண்டு, ஆனால் பாட்டுக்கு அடியில் ஓடுகிறது, மேலே ஏறவில்லை. கிட்டாரும் பேஸும் லண்டன் தட்டுக்குத் தம்பி என்றே சொல்லலாம். கண்ணைக் கட்டிக் கேட்டால் முதல் பக்கத்தில் நான் தோற்பேன். அட்டைதான் ஒல்லி, மூலைகள் நைந்துவிட்டன.

2019 தட்டை மற்ற இரண்டோடு நேருக்கு நேர் நிறுத்துவதே கொஞ்சம் அநியாயம். அது மறு அச்சல்ல, மறுகலவை. குரலையும் வாத்தியங்களையும் எட்டுத் தடங்களில் பதிந்த மூல டேப்பிலிருந்து, தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினின் மகன் ஜைல்ஸ் மார்ட்டின் புதிதாகக் கலந்தது. பேஸ் முன்னால் வந்து நிற்கிறது, குரல்கள் தனித்தனியாகப் பிரிகின்றன, பின்னணி அமைதி. கனமான தட்டு. நல்ல ஸ்பீக்கரில் இதுதான் விருந்து என்று மச்சினன் அடித்துச் சொல்கிறான், மறுக்க முடியவில்லை. ஆனால் 1969இல் கேட்டவர்கள் கேட்டது இதையல்ல. பழைய கலவைதான் வேண்டும், புதுத் தட்டாகவும் வேண்டும் என்றால் 2012இல் வந்த மறுபதிப்பு இருக்கிறது. டிஜிட்டலில் இருந்து வெட்டியது என்று சிலர் முகம் சுளிப்பார்கள். மறுபதிப்புக்குப் பேர்போன மொபைல் ஃபிடலிட்டி நிறுவனம் 2011 முதல் பல வெளியீடுகளில் டிஜிட்டல் கட்டம் வைத்திருந்தது 2022இல்தான் வெளியே தெரிந்தது, அதுவரை டிஜிட்டல் கலக்காத ‘சுத்த அனலாக்’ என்று அவற்றைச் சிலாகித்தவர்களும் இவர்களில் உண்டு. காது பற்றி ரொம்பப் பேசாமல் இருப்பது நல்லது.

ஜப்பான் தட்டு பற்றியும் கேட்பார்கள். பின்னணி படு அமைதி, அச்சு நேர்த்தி. எனக்கு மேல் ஸ்தாயி கொஞ்சம் கூடுதலாகப் படுகிறது. அவ்வளவுதான்.

நம் ஊரில் இருந்துகொண்டு முடிவெடுக்கும்போது மழையையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டும் நம் தலையில்தான். பூசணம் வினைலைத் தின்னாது, விரல் ரேகையிலும் தூசியிலும் அட்டையிலும் பிடிக்கும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய முதல் பதிப்பு அட்டையில் ஐப்பசியில் வெள்ளைப் புள்ளி பூத்தால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். மெத்தென்ற பிவிசி உறை வேண்டாம், அது தட்டோடு ஒட்டிப் புகைமூட்டம் போல் கறை போடும். காகித உறையில் போட்டு, வெயில் அடிக்காத சுவரோரம் நிமிர்த்தி வையுங்கள். வாலைவடித்த நீரில் துளி சோப்பு போட்டுக் கழுவலாம். தாத்தா காலத்து 78 தட்டில் மட்டும் ஆல்கஹால் கலந்த எதுவும் படக்கூடாது, அரக்கு கரைந்துவிடும்.

என்னைக் கேட்டால், கையில் ஒரு தட்டுக்குத்தான் காசு என்றால் வரி சுத்தமான டம்டம். அது கிடைக்காவிட்டால் எழுபதுகளின் இங்கிலாந்து மறு அச்சு. விலை இறங்கிவிடும், வளையத்தில் அதே வெட்டு எண் இருக்கிறதா என்று மட்டும் விற்பவரிடம் படம் கேளுங்கள். மறுகலவை, கேட்பதற்கு. லண்டன் முதல் பதிப்பு வியாதிக்காரர்களுக்கு, என்னைப் போல.

கழுவிய தட்டைத் திருப்பிக் கொடுக்கும் முன் மாமாவைக் கூப்பிட்டு மூன்றையும் போட்டுக் காட்டினேன். முதல் பக்கக் கடைசிப் பாட்டு ஏழு நிமிஷத்துக்கு மேல் ஏறிக்கொண்டே போய், கத்தியால் வெட்டினாற்போல் சட்டென்று நிற்கும். அப்படித்தான் செய்திருக்கிறார்கள். லண்டன் தட்டில் நின்றது. டம்டமில் நின்றது. புதுத் தட்டிலும் நின்றதும் மாமா சாயா கிளாஸைக் கீழே வைத்தார்.

“எடேய், இது இப்பிடித்தானா? தட்டு போச்சுதுன்னு நெனச்சு நான் அந்தக் காலத்துல ரெண்டு ஊசி மாத்துனேன்டே.”