மகன் போனில் லொகேஷன் ஆப்: ஆறு மாத அனுபவம்

பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள், என்ன வேகத்தில் போகிறார்கள் என்று நம் போனில் காட்டும் ஆப் ஒன்றுக்குச் சந்தா கட்டி ஆறு மாதம் பயன்படுத்தினேன். பெயர் வேண்டாம், இந்த வகை ஆப்கள் எல்லாமே ஏறக்குறைய ஒரே அச்சுதான். ஐந்துக்கு இரண்டரை நட்சத்திரம் தருகிறேன்.

ஏன் வாங்கினேன் என்றால், பையனுக்கு 19 வயது, கையில் பைக். எனக்கும் 19 வயதில் கையில் பைக் இருந்தது, அதுதான் பிரச்சினையே. பின்னால் உட்கார்ந்த நண்பன் 'இன்னும் முறுக்குடா' என்றான் என்பதற்காக முறுக்கி, ஒரு வளைவில் மணலில் சறுக்கி விழுந்து முழங்காலைப் பிய்த்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து 'நாய் குறுக்கே வந்துவிட்டது' என்று சொன்னவன் நான். பல வருடம் கழித்து அதைச் சிரிப்புக் கதையாக என் பையனுக்கே சொல்லியிருக்கிறேன். போன வருடம் ஒரு நாள் முழங்கால் கிழிந்த பேண்ட்டோடு வாசலில் நின்றான். "நாய் குறுக்க வந்துடுச்சுப்பா." கொஞ்சமாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். அன்று இரவே ஆப்பை இறக்கினேன். ஒளித்து வைக்கவில்லை, சொல்லிவிட்டுத்தான் அவன் போனில் போட்டேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு எல்லா அனுமதிகளையும் கொடுத்தான்.

சரி, ஆப்புக்கு வருவோம். திறந்தவெளியில் இடத்தைச் சில மீட்டர் வித்தியாசத்தில் சரியாகவே காட்டுகிறது. கட்டிடத்துக்குள் போய்விட்டால் கதை வேறு. ஜிபிஎஸ்ஸுக்குக் குறைந்தது 4 செயற்கைக்கோள்களின் சிக்னல் ஒழுங்காகக் கிடைக்க வேண்டும், கிடைக்காதபோது வைஃபை, செல் கோபுரம் என்று எதையாவது வைத்து உத்தேசமாகப் புள்ளி போடுகிறது. ஒரு நாள் நடு இரவு இரண்டு மணிக்கு அவன் தெருமுனையில் நிற்பதாகக் காட்ட, பதறி எழுந்து போய்ப் பார்த்தால் அறையில் குறட்டை விட்டுத் தூங்குகிறான். பேட்டரியையும் தின்கிறது, அதனால் அவன் போன் சேமிப்பு முறைக்குப் போனதும் புள்ளி பழைய இடத்திலேயே உறைந்துவிடும்.

வேக எச்சரிக்கைதான் எனக்கு முக்கியமாக இருந்தது. 80க்கு மேல் போனால் மணி அடிக்கும்படி வைத்தேன். முதல் வாரம் மூன்று முறை அடித்தது. இரண்டு முறை அவன் பஸ்ஸில் இருந்தான். வண்டியை ஓட்டுவது யார் என்று போனுக்குத் தெரியாது. மூன்றாவது முறை ஓட்டியது அவனேதான். உட்கார வைத்து, வேகம் இரண்டு மடங்கானால் மோதலின் ஆற்றல் 4 மடங்கு என்று ஒரு மணி நேரம் உபதேசம் செய்தேன். அவன் அதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவன்! அப்புறம்தான் உறைத்தது, எனக்கும் அன்றைக்கு அது தெரியாமல் இல்லை. கார்ட்னர், ஸ்டெய்ன்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் 2005இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. கம்ப்யூட்டரில் கார் ஓட்டும் விளையாட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். கூட ஆட்கள் பார்த்துக்கொண்டிருந்தபோது 13 முதல் 16 வயதுப் பிள்ளைகளும் 18 முதல் 22 வயதுக்காரர்களும் தனியாக ஆடியதைவிட அதிகமாக ஆபத்தை இழுத்துப்போட்டுக்கொண்டார்கள், பெரியவர்களிடம் அந்த வித்தியாசம் குறைவு. பின்சீட்டில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்டும் வசதி இந்த ஆப்பில் இல்லை.

நான்காவது மாதம் சனிக்கிழமை தோறும் புள்ளி அவன் நண்பன் வீட்டில் மூன்று மணி நேரம் ஆடாமல் அசையாமல் நின்றது. போன் செய்தால் எடுப்பதில்லை. போனை அங்கே மேஜை டிராயரில் வைத்துவிட்டு ஊர் சுற்றியிருக்கிறான். பிடிபட்டபோது கோபத்தை வரவழைக்கப் பார்த்தேன், வரவில்லை. பழைய பைக்குகளில் முன்சக்கரத்திலிருந்து மீட்டருக்கு ஒரு கேபிள் போகும், அதைக் கழற்றிவிட்டால் முள்ளும் எழாது, கிலோமீட்டரும் ஏறாது. அப்பாவின் வண்டியில் அதைக் கழற்றிவிட்டுத்தான் நான் சனிக்கிழமைகளில் சுற்றினேன். இதை மட்டும் நான் அவனுக்குச் சொன்னதே இல்லை, அவனாகவே கண்டுபிடித்திருக்கிறான்.

அன்று சொன்னேன், கேபிள் கதையையும், விழுந்தபோது உண்மையில் எவ்வளவு பயந்தேன் என்பதையும். சிரிப்புக் கதையாகச் சொல்லும்போது அந்தப் பயத்தை எப்போதும் விட்டுவிடுவேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவனும் அந்த 'நாய்' சமாச்சாரத்தைச் சொன்னான், பின்னால் யார் இருந்தது என்பது உட்பட. ஸ்வீடனில் ஸ்டாட்டின், கெர் என்ற இருவர் 2000இல் எழுதியது இதைத்தான்: பெற்றோருக்குத் தெரிய வருவதில் பெரும்பகுதி பிள்ளைகள் தாங்களாகச் சொல்வதிலிருந்து வருகிறது, வேவு பார்ப்பதிலிருந்து அல்ல. ஆப் வாங்கும் முன் படித்திருக்க வேண்டியது.

அந்தப் பேச்சுக்குக் காரணமாக இருந்ததற்காகத்தான் மேலே உள்ள அரை நட்சத்திரம். சந்தாவைப் புதுப்பிக்கவில்லை. இரவில் தூரம் போகும்போது மட்டும் லொகேஷன் பகிர்கிறேன் என்று அவனே சொல்லியிருக்கிறான், அதற்கு இலவச வசதியே போதும்.

கேபிள் விஷயம் தாத்தாவுக்குத் தெரியுமா என்று பையன் கேட்டதால் அப்பாவுக்கு போன் போட்டேன். முழுதாக ஒப்புக்கொண்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மீட்டர் ஓடலைன்னா பெட்ரோல் எப்படிடா காலியாகும்?" என்றார்.