பீக்காக் அங்கவடி: ரப்பர் வளையம் நன்றாக இருக்கும்வரை நல்ல பொருள்

கோல் போர்ட்டர் பியானோவில் உட்கார்ந்து மெட்டமைத்த அமெரிக்க இசையமைப்பாளர். 1937 அக்டோபரில் நியூயார்க்கின் லாங் ஐலண்டில், பைப்பிங் ராக் கிளப்பில் சவாரி செய்தபோது குதிரை அவர்மேல் விழுந்து இரண்டு கால்களும் நொறுங்கின. எத்தனையோ அறுவை சிகிச்சைகளுக்குப் பிறகு 1958இல் வலது காலை எடுக்க வேண்டியதாயிற்று. மடோனா 2005 ஆகஸ்டில், தன் பிறந்தநாளன்று குதிரையிலிருந்து விழுந்தார். மூன்று விலா எலும்புகள் விரிசல் கண்டன, காறை எலும்பும் கையும் முறிந்தன. இசைக்காரர்களுக்குக் குதிரை மேல் இருக்கும் பிரியம் புதிதல்ல. அந்தப் பிரியத்தோடு சேணத்தில் ஏறுகிறவர் தலைக்கவசத்துக்கு அடுத்தபடியாக எதை வாங்க வேண்டும் என்றால், விழும்போது காலை விட்டுவிடும் அங்கவடியைத்தான் (சேணத்தின் இரு பக்கமும் தொங்கும், பாதம் வைக்கும் இரும்பு மிதி) சொல்ல வேண்டும். அந்த வகையில் எங்கும் கிடைப்பதும் எளிமையானதும் பீக்காக்.

முதலில் இது எதற்கு உதவாது என்று தெரிந்துகொள்வது நல்லது. போர்ட்டருக்கு நேர்ந்ததுபோல் குதிரையே சரிந்து மேலே விழுந்தால் எந்த அங்கவடியும் காப்பாற்றாது. விழும்போது கையை ஊன்றி மணிக்கட்டு முறிவதையும் இது தடுக்காது. இது தடுப்பது ஒன்றே ஒன்றை: ஆள் கீழே விழுந்த பிறகும் பாதம் அங்கவடியில் சிக்கி, மிரண்டு ஓடும் குதிரையோடு இழுபடுவதை. சவாரி விபத்துகளில் மிகக் கொடியவற்றில் ஒன்று அது. இழுபடும்போது தலை குளம்புகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும், கைகள் தரையில் உரசிக்கொண்டே போகும். விரல்களை நம்பி வாழ்பவருக்கு வேறு காரணம் சொல்லத் தேவையில்லை.

அமைப்பு இதுதான். சாதாரண அங்கவடியில் மிதிகட்டையின் இரு பக்கமும் இரும்புக் கால் மேலேறி, சேணத்திலிருந்து தொங்கும் தோல்வார் நுழையும் கண்ணில் சேரும். பீக்காக்கில் உட்பக்கக் கால் மட்டுமே இரும்பு. வெளிப்பக்கத்தில் மேலே ஒரு கொக்கி, கீழே ஒரு குமிழ், நடுவே தடித்த ரப்பர் வளையம். வளையத்தின் மேல்முனை கொக்கியில் மாட்டியிருக்கும். கீழ்முனையை ஒரு சிறிய தோல்பட்டி குமிழோடு பிடித்திருக்கும். பாதம் வெளிப்பக்கமாக முறுக்கி இழுக்கும்போது வளையம் நீண்டு கொக்கியிலிருந்து கழன்றுவிடும். பக்கம் திறந்ததும் பாதம் வெளியே வந்துவிடும். தோல்பட்டி இருப்பதால் வளையம் தொலையாது.

வளையம் எப்போதும் வெளிப்பக்கம்தான் இருக்க வேண்டும். அங்கவடியைக் கழற்றிக் கழுவி மாட்டும்போது இடமும் வலமும் மாறி, வளையம் குதிரையின் வயிற்றுப் பக்கம் போய்விடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அப்படி மாட்டினால் பாதம் வெளியேற வேண்டிய பக்கத்தில் இரும்பு நிற்கும், பாதுகாப்பு என்ற பேச்சே இல்லை. ஏறும் முன் இரு பக்கமும் ஒரு பார்வை பார்த்தால் போதும்.

அளவில் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சவாரிக் காலணியின் அகலமான இடத்தை அளந்து, அதோடு 2 முதல் 2.5 செ.மீ. கூட்ட வேண்டும். காலணி 9.5 செ.மீ. என்றால் உள் அகலம் 11.5 முதல் 12 செ.மீ., அதாவது கடையில் நாலரை அல்லது நாலேமுக்கால் அங்குலம் என்று விற்பது. இதைவிடக் குறுகலானால் பாதம் ஆப்புபோல் இறுகிவிடும். அகலமானால் பாதம் முழுவதும் நுழைந்து அங்கவடி கணுக்கால்வரை ஏறிவிடும், பிறகு வளையம் கழன்றாலும் கால் லேசில் வராது. குழந்தைக்கு 'வளர்ந்தாலும் ஆகும்' என்று பெரிய அளவு வாங்குவது இதனால்தான் ஆபத்து. காலணியும் சேர்ந்தே அமைய வேண்டும்: ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாத குதிகால், வழவழப்பான அடிப்பாகம். ஆழமான பற்கள் உள்ள மலையேற்றக் காலணி மிதிகட்டையைக் கவ்விப் பிடிக்கும். குதிகாலே இல்லாத ஓட்டக் காலணி உள்ளே வழுக்கி நுழையும்.

இந்தப் பொருளின் உயிர் ரப்பரில் இருக்கிறது. வெயிலும் சூடும் ரப்பரைக் கெடுக்கும், சேணத்துக்குப் பூசும் எண்ணெய் பட்டால் ஊறித் தளர்ந்துபோகும். மாதம் ஒருமுறை வளையத்தைக் கழற்றி, ஒன்றரை மடங்கு நீளத்துக்கு இழுத்துப் பிடித்துப் பாருங்கள். குறுக்கே மெல்லிய கீறல்கள் தெரிந்தால் மாற்ற வேண்டியதுதான், அறும்வரை காத்திருக்கக் கூடாது. பழசும் புதுசும் வெவ்வேறு இழுவையில் கழலும் என்பதால் இரு பக்கமும் ஒன்றாக மாற்றுவதே சரி. தினமும் பலர் ஏறி இறங்கும் பயிற்சிக்கூடத்தில் சில மாதங்களுக்கு ஒரு ஜோடி தேவைப்படும்.

வளையம் தொலைந்த இடத்தில் கைக்குக் கிடைத்ததை மாட்டுவது பெரிய கேடு. தலைமுடி ரப்பர் மிதித்தவுடனே கழலும். சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு சுற்று சுற்றினால் அவ்வளவு சுலபத்தில் கழலாது. பிளாஸ்டிக் டை போட்டால் கழலவே கழலாது, ஒரு பக்கம் பலம் குறைந்த சாதாரண அங்கவடிதான் மிஞ்சும். அடிக்கடி கழல்கிறது என்று அதன் மேல் இன்சுலேஷன் டேப் சுற்றுவதும் இதே ரகம். சவாரியின் நடுவே வளையம் கழன்றால் எரிச்சல் வரும்தான். ஆனால் கழலாமல் இருப்பதைவிட அது ஆயிரம் மடங்கு மேல்.

சோதித்துப் பார்ப்பதும் சுலபம். சேணத்தைத் தாங்கியில் வைத்து, வெறும் காலணியை அங்கவடியில் நுழைத்து, குதிகாலைப் பிடித்து, ஆள் விழும் திசையில் பின்னோக்கியும் வெளிப்பக்கமாகவும் இழுக்க வேண்டும். ஒரு கையின் இழுவைக்கு வளையம் கழல வேண்டும். இழுவை வெளிப்பக்கமாக வந்தால்தான் கழலும் என்பதும் அப்போது தெரிந்துவிடும். இதுதான் பீக்காக்கின் வரம்பு. அதனால் சேணத்தில் தோல்வார் தொங்கும் இரும்புப் பட்டையின் நுனியிலுள்ள சிறு தாழையும் பார்க்க வேண்டும். அது மேலே மடங்கி மூடியிருந்தால் சிக்கிய காலோடு தோல்வார் பின்பக்கம் வழுக்கி வராது. சவாரிக்குத் தாழ் திறந்தே இருக்க வேண்டும். துருப்பிடித்து இறுகியிருந்தால் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு அசைத்துத் தளர்த்திவிடலாம்.

இரண்டாவது குறை வலிமை. அங்கவடியின் ஒரே இரும்புக் காலில் பாரம் நிற்பதால் அது மெல்ல வளையும். குழந்தைகளுக்கும் எடை குறைந்த பெரியவர்களுக்கும் இது பொருந்தும், உடல் கனமானவர்கள் வேறு வகைக்குப் போவதே நல்லது. தரையிலிருந்து அங்கவடியை மிதித்து ஏறுகிறவருக்கு இடது பக்கம் சீக்கிரம் வளையும். ஏறுபலகை பயன்படுத்தினால் அங்கவடிக்கும் குதிரையின் முதுகுக்கும் நல்லது. இரண்டையும் சமமான மேசையில் வைத்துப் பார்த்தால் வளைவு கண்ணுக்குத் தெரியும். நிக்கல் சீக்கிரம் வளையும், துருப்பிடிக்காத எஃகாகக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, வளையம் இல்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் கொக்கி. குதிரை தலையைத் திருப்பும்போது கடிவாள வளையம் அதில் மாட்டிக்கொள்ளக்கூடும். இறங்கியவுடன் அங்கவடியைத் தோல்வாரில் மேலே ஏற்றிச் செருகிவிட்டுத்தான் குதிரையை நடத்திச் செல்ல வேண்டும்.

பெரியவர்களுக்கு நான் சொல்வது வளைகால் அங்கவடி. இரு பக்கமும் இரும்புதான், ஆனால் வெளிக்கால் முன்பக்கமாக வளைந்திருக்கும், பாதம் தானே நழுவி வரும். அறுவதற்கோ தொலைவதற்கோ எதுவும் இல்லை, பாரமும் தாங்கும். வளைவு வெளிப்பக்கமும் முன்னோக்கியும் இருக்கும்படி இடம் வலம் பார்த்து மாட்டினால் போதும். ஸ்பிரிங் அல்லது காந்தத்தால் பக்கம் திறக்கும் புது வகைகள் பல திசை இழுவைக்கும் கழலும்படி வருகின்றன. மணலும் சேறும் கீலில் ஏறினால் இறுகிவிடும் என்பதால் ஒவ்வொரு சவாரிக்குப் பின்னும் கழுவி உலர்த்தும் பொறுமை உள்ளவர்களுக்கே அவை.

லைல் லவெட் போன்ற அமெரிக்கப் பாடகர்கள் இறங்கும் ரெய்னிங் என்ற சவாரிப் போட்டி, அமெரிக்க மாடுமேய்ப்பர்கள் பயன்படுத்தும் மேற்கத்திய சேணத்தில் நடப்பது. அங்கே அங்கவடி அகலமான தோல்பட்டையோடு கோத்து வரும், பீக்காக்கை மாட்ட இடமே இல்லை. அந்தச் சேணத்தில் ஏறுகிறவர்கள் பாதம் முழுதாக உள்ளே போகாதபடி முன்பக்கம் தோலால் மூடிய அங்கவடியைக் கேட்டு வாங்க வேண்டும். மூடியின் ஆழத்தை அவரவர் சவாரிக் காலணியை நுழைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்: பாதத்தின் முன்பகுதி மிதிகட்டையில் பதிய வேண்டும், விரல் நுனி தோலில் முட்டக் கூடாது.