தூரத்துக்கு நாலு நட்சத்திரம், நேரத்துக்கு இரண்டு

கும்பகோணத்தில் சொந்தக் கார் வைத்து ஓட்டுகிறேன். என் சவாரியில் பாதி திருச்சி விமான நிலையம்தான். இரண்டு விமான நிலையங்களின் பெயரைப் போட்டால் இடையிலுள்ள தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் காட்டும் இணையதளம் ஒன்றை மகள் போனில் எடுத்துக் கொடுத்தாள். பெயர் வேண்டாம்.

தூரத்தில் குறை சொல்ல முடியாது. உருண்டையான பூமியின் மேல் இருப்பதிலேயே குறுக்கான வழியை அளந்து சொல்கிறது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் ஏறக்குறைய 2,980 கிலோமீட்டர், துபாய் 2,940. கிழக்கே போகிறவருக்கும் மேற்கே போகிறவருக்கும் நம்ம ஊர் இப்படி நட்டநடுவில் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

நேரத்தில்தான் கோளாறு. எந்தப் பக்கம் பறந்தாலும் ஒரே வேகம் என்று வைத்து வகுத்துவிடுகிறது. அதனால் போக எவ்வளவோ அவ்வளவுதான் வரவும். நிஜத்தில் மேலே மேற்கிலிருந்து கிழக்காக வீசும் காற்று பெரிய ஆள். லண்டனிலிருந்து சென்னைக்கு வருகிறவர்கள் சீக்கிரம் வந்துவிடுவார்கள். திரும்பிப் போகும்போதுதான் இழுக்கும். இதற்கு ஒரு நல்ல உதாரணம் உண்டு. 2016 அக்டோபரில் ஏர் இந்தியா டெல்லி–சான்பிரான்சிஸ்கோ விமானத்தை அட்லாண்டிக் பக்கம் விடாமல் பசிபிக் வழியாகக் கிழக்கே விட்டது. அட்லாண்டிக் வழி 13,900 கிலோமீட்டர், பசிபிக் வழி 15,300. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர் கூடுதல், ஆனாலும் பதினாலரை மணி நேரத்தில் போய் இறங்கியது. பின்னாலிருந்து காற்று தள்ளியதால் மேற்கே போவதைவிட நேரம் குறைந்தது. இந்தத் தளத்தில் டெல்லி–சான்பிரான்சிஸ்கோ போட்டுப் பார்த்தால் 12,400-க்குப் பக்கத்தில் ஒரு நேர்க்கோடு வரும், அவ்வளவுதான்.

சரி, அமெரிக்கா எனக்கெதற்கு? என் தொழிலுக்குத் தேவையானது உள்ளூர் நேரம். "அண்ணே, நைட்டு எட்டரைக்கு ஃபிளைட், நாலு மணி நேரம், பன்னிரண்டரைக்கு வந்துடுங்க" என்று சிங்கப்பூரிலிருந்து ஒரு தம்பி சொல்வார். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அவர் திருச்சியில் இறங்குவது நம் நேரப்படி பத்து மணிக்கு. துபாய் என்றால் தலைகீழ், ஒன்றரை மணி நேரம் பின்னால். தளம் இதைப் பற்றி மூச்சே விடுவதில்லை. ஒரு வரி சேர்த்திருந்தால் இன்னும் ஒரு நட்சத்திரம் தாராளமாகக் கொடுத்திருப்பேன்.

அப்புறம் தரை வழி. கும்பகோணத்திலிருந்து விமான நிலையம் சுமார் நூறு கிலோமீட்டர். தஞ்சாவூர் வரை முகூர்த்த நாளில் ஊர்ந்துதான் போக வேண்டும். தை, மாசியில் அறுவடை மெஷின் முன்னால் போனால் கேட்கவே வேண்டாம். வாழவந்தான்கோட்டை டோல்கேட் தாண்டினாலும் திருவெறும்பூர் நெரிசல் காத்திருக்கும். இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்வேன், மழை என்றால் மூன்று. மூவாயிரம் கிலோமீட்டருக்கு நாலு மணி, இந்த நூறுக்கு மூணு மணி என்றால் சிங்கப்பூர்க்காரர்கள் சிரிக்கிறார்கள். விமானம் ஏறப் போகிறவர்கள் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்பே உள்ளே இருக்க வேண்டும், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் போடுமுன் தூரம் பார்க்க இந்தத் தளம் போதும். ஆளை அழைக்கப் போகிற அன்றைக்கு விமான எண்ணைக் கேட்டு வாங்கி, எங்கே பறக்கிறது என்று நேரலையில் காட்டும் ஆப்பைப் பாருங்கள்.